எந்த எஃப்.எம். திருப்பினாலும் ஒரே நேரத்தில் விளம்பரம் வருவது ஏன்?

காலையில் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக் கடைக்கு வண்டியில் போகிறீர்கள். ஒரு ஸ்டேஷனில் விளம்பரம் வந்ததும் மாற்றினால் அடுத்ததிலும் விளம்பரம், அதற்கடுத்ததிலும் விளம்பரம். "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டா போடுதாங்க, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: கிறிஸ்துமஸுக்கு உங்கள் ஜவுளிக்கடை விளம்பரத்தை ரேடியோவில் கொடுத்தால் எந்த நிமிடத்தில் போடச் சொல்லலாம்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதுக்குப் பணம் வீணாகாமல் முடிவெடுக்க முடியும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பேசி வைத்துக்கொள்ளாமலேயே விளம்பர நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குக் குமரி மாவட்டத்தைப் போல வசதியான இடம் அதிகம் இல்லை.

தற்செயலில் தொடங்குவோம். ஒரு ஸ்டேஷன் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு நொடியில் நீங்கள் அதற்கு மாறினால் விளம்பரத்தில் விழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. மூன்று ஸ்டேஷன்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போட்டாலும், முதலாவதில் விளம்பரம் வந்து நீங்கள் மாற்றும்போது மற்ற இரண்டிலும் விளம்பரம் ஓட இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரப் பயணத்தில் நான்கு முறை மாற்றினால், மாதம் 25 நாள் ஓட்டத்தில் நூறு முறை. அதில் இருபது தடவை அடுத்த ஸ்டேஷனிலும் விளம்பரம், நான்கு தடவை எல்லாவற்றிலும் விளம்பரம். பண்டிகைக் காலத்தில் விளம்பரம் 18 நிமிடமாக உயர்ந்தால் அந்த நான்கு ஒன்பதாகிவிடும். மாற்றியதும் பாட்டு கிடைத்த எண்பது தடவை மனதில் நிற்காது, மாட்டிக்கொண்டது மட்டும் நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆர்.ஜே. பேசுவது, ஸ்டேஷன் பெயர் சொல்லும் ஜிங்கிள், போட்டி அறிவிப்பு எல்லாமே பாட்டுத் தேடுபவர் காதுக்கு விளம்பரமாகத்தான் கேட்கும். அவற்றையும் சேர்த்துப் பாட்டில்லாத நேரம் 24 நிமிடம் என்றால், இரண்டு ஸ்டேஷனிலும் பாட்டு இல்லாமல் போக நூற்றுக்குப் பதினாறு வாய்ப்பு. ஆகவே "தோணுதா" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதுவே முழு விளக்கம் ஆகாது.

இரண்டாவது காரணம் கடிகாரம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்தில் பாட்டு, எந்த நிமிடத்தில் பேச்சு, எங்கே பிரேக் என்று குறித்து வைத்திருப்பார்கள். துறையில் அதை ஹாட் கிளாக் என்பார்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மணி தொடங்கும்போது தொடங்குகின்றன. நம் சினிமாப் பாட்டு ஒன்று சுமார் நாலரை நிமிடம். மூன்று பாட்டு போட்டால் பதின்மூன்றரை, ஆர்.ஜே. பேச்சு ஒன்றரை நிமிடம், ஆக பதினைந்தாவது நிமிடத்தையொட்டி முதல் பிரேக். பக்கத்து ஸ்டேஷனிலும் இதே சினிமாப் பாட்டு, இதே நீளம், இதே எட்டு மணித் தொடக்கம். அவர்களும் மூன்று பாட்டுக்குப் பிறகுதான் நிறுத்துவார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை என்றாலும் பிரேக் இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் வந்து சேரும். பாட்டை நடுவில் வெட்ட முடியாது என்பதால் பிரேக் தினமும் ஒரே நொடியில் தொடங்காது, சற்று முன்பின் அசையும். ஆனால் மணி முடிவதற்குள் கணக்கு நேராக வேண்டும். அதனால் கடைசி இருபது நிமிடத்தில் நேரத்தைப் பின்னோக்கி எண்ணி, சின்னப் பாட்டைப் போட்டோ பேச்சைக் குறைத்தோ சரிசெய்வார்கள். ஆகவே மணியின் இரண்டாம் பாதிப் பிரேக்குகளைவிட முதல் பாதிப் பிரேக்குகளை முன்கூட்டிச் சொல்வது எளிது. நீங்களே கவனித்துப் பார்க்கலாம்.

ஆகாசவாணியில் இது இன்னும் இறுக்கமானது. 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கிய நம் நாகர்கோவில் நிலையம், 101 மெகாஹெர்ட்ஸில் வருவது, வேறு ஊரிலிருந்து வரும் செய்தியைக் குறித்த நொடியில் எடுத்து ஒலிபரப்ப வேண்டும். செய்தி இவர்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே அன்றைய கியூ ஷீட்டில் (எது எப்போது ஒலிக்க வேண்டும் என்ற நிகழ்ச்சிப் பட்டியல்) செய்தி நேரங்கள் அசையாத கல், மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றி அடுக்கப்படுபவை. செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடம்தான் அதிகப் பேர் கேட்கும் இடம் என்பதால் விளம்பரதாரர்களும் அதையே கேட்பார்கள். ஆகாசவாணியின் விளம்பரம் எப்போது வரும் என்பதை ஒரு வாரம் கவனித்தால் கிட்டத்தட்ட மனப்பாடமாகிவிடும்.

மூன்றாவது காரணம்தான் சுவாரசியமானது: நேயர்களை எண்ணும் முறையும், ஸ்டேஷன்கள் ஒன்றையொன்று பார்த்து நேரத்தை நகர்த்துவதும். இது அமெரிக்காவில்தான் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் (2013-ல் நீல்சன் அதை வாங்கியது) நேயர்களிடம் டைரி கொடுத்து, எப்போது எதைக் கேட்டோம் என்று எழுதச் சொல்லி எண்ணியது. மணியை நான்கு கால்மணிகளாகப் பிரித்து, ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டால் அந்தக் கால்மணி முழுவதும் கேட்டதாகக் கணக்கு. இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் 8.03 முதல் 8.13 வரை பத்து நிமிடம் கேட்டால் ஒரு கால்மணி. அதே பத்து நிமிடத்தை 8.10 முதல் 8.20 வரை கேட்டால் இரு பக்கமும் ஐந்தைந்து, ஆக இரண்டு கால்மணி. எனவே 00, 15, 30, 45 என்ற விளிம்புகளைப் பாட்டோடு தாண்டிவிட்டால் ஸ்டேஷனுக்கு லாபம். விளம்பரம் விளிம்பிலிருந்து தள்ளி, 20-ஐயும் 50-ஐயும் ஒட்டிய நிமிடங்களுக்குப் போய்விடும். எல்லா ஸ்டேஷனுக்கும் அளவுகோல் ஒன்று என்பதால் எல்லாருடைய விளம்பரமும் அங்கேயே போய்க் குவியும். 2007-லிருந்து பெரிய நகரங்களில் டைரிக்குப் பதில், உடம்பில் அணியும் சிறு மீட்டர் வந்தது. 2025 தொடக்கத்தில் அந்த மீட்டர் கணக்கில் ஐந்து நிமிடம் மூன்றாகக் குறைக்கப்பட்டது. அளவுகோல் மாறினால் பிரேக்குகளும் இடம் மாற வேண்டிவரும்.

அளவுகோலுக்கு அப்பால் ஒரு போட்டியும் இருக்கிறது. எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் விளம்பரம் போட்டால் மாற்றுகிறவருக்குத் தப்ப வழியில்லை. விளம்பரம் காதில் விழும், விளம்பரதாரருக்கு நல்லது. ஆனால் ஒரு ஸ்டேஷன் மட்டும் தந்திரமாக அந்த நேரத்தில் பாட்டுப் போட்டால் மற்றவர்களின் நேயர்கள் அங்கே ஓடிவருவார்கள். அதன் நேயர் எண்ணிக்கை ஏறும், என்றாலும் அதன் சொந்த விளம்பர நேரத்தில் அவர்கள் திரும்ப ஓடிவிடுவார்கள். எந்த ஆசை வெல்கிறது என்பதைத்தான் ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். அமெரிக்க இசை நிலையங்களின் ஒலிபரப்புப் பதிவுகளை நிமிடம் நிமிடமாக எடுத்து அவர் செய்த ஆய்வு 2009-ல் ராண்ட் ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வந்தது. அவர் பிடித்த துப்பு நுணுக்கமானது. விளம்பரம் குவிவதற்குக் கடிகாரமும் கால்மணியும் மட்டுமே காரணமானால் எல்லா ஊரிலும் ஒரே நிமிடத்தில்தான் குவிய வேண்டும். ஆனால் ஓர் ஊர் ஸ்டேஷன்கள் ஒரு நிமிடத்தைச் சுற்றியும், இன்னோர் ஊர் ஸ்டேஷன்கள் சில நிமிடம் தள்ளியும் குவிந்தன. உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து நகர்ந்தால்தான் அப்படி நடக்கும். அதுவும் ஜனங்கள் வண்டியில் போகும் காலை மாலை வேளைகளில்தான் இது தெரிந்தது, சிறிய ஊர்களில் கூடுதலாகத் தெரிந்தது. வண்டியில் இருப்பவர் பட்டனுக்குப் பக்கத்தில் கையை வைத்திருப்பவர். சிறிய ஊரில் ஸ்டேஷன்கள் குறைவு, நேரம் ஒத்துப்போவது எளிது. இதற்குக் கூடிப்பேசவோ ஒப்பந்தம் போடவோ தேவையில்லை. பக்கத்துக்காரர் எப்போது பிரேக் போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், எல்லா ஸ்டேஷனிலும் போட்டியாளர் ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

விளம்பரம் வந்ததும் எல்லாரும் மாற்றிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆர்பிட்ரானும் வேறு இரு நிறுவனங்களும் 2011-ல் வெளியிட்ட மீட்டர் கணக்குப்படி, பிரேக்கின்போதும் அதற்கு முன்பிருந்த நேயர்களில் சராசரியாக 93 சதவீதம் பேர் இருந்தார்கள். பிரேக் நீளநீள இந்த எண்ணிக்கை குறைகிறது. வானொலித் தொழிலைச் சார்ந்தவர்களே செய்த ஆய்வு என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டிய எண் அது. வீட்டில், கடையில், தையல் மிஷின் பக்கத்தில் ரேடியோ ஓடவிட்டவர்களும் அந்தச் சராசரியில் அடக்கம். உங்களைப் போல ஸ்டியரிங்கில் இருப்பவர்கள் அதைவிட அதிகம் மாற்றுவார்கள்.

இதில் நமக்கு எவ்வளவு பொருந்தும்? முதல் இரண்டு காரணங்கள், தற்செயலும் கடிகாரமும், இங்கும் நிச்சயம் வேலை செய்கின்றன. மூன்றாவதில் நிதானம் வேண்டும். இந்தியாவில் டைரி முறையில் நேயர்களை எண்ணும் ராம் என்ற கணக்கெடுப்பு 2007-ல் தொடங்கியது, ஆனால் அது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா போன்ற பெருநகரங்களுக்கானது. குமரி மாவட்டத்தில் யாரும் கால்மணி டைரி எழுதவில்லை. எனவே "கால்மணி விளிம்பைத் தப்பத்தான் இங்கே விளம்பரம் தள்ளிப் போகிறது" என்று யாராவது சொன்னால் அது வெளியூர் விளக்கத்தை அப்படியே இங்கே ஒட்டவைப்பது. ஒரே குழுமம் பல ஊரில் ஸ்டேஷன் நடத்தும்போது பெருநகரக் கடிகாரம் சின்ன ஊருக்கும் வந்திருக்கலாம், அந்த அளவுக்கு அது ஊகம். ஒருவரையொருவர் பார்த்து நகர்வது இங்கே நடக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சோதிக்க வழி இருக்கிறது. இங்கே நம் இடம் கைகொடுக்கிறது. மேற்கே திருவனந்தபுரத்தின் மலையாள நிலையங்கள் (அங்குள்ள ஆகாசவாணியின் எஃப்.எம். 101.9, அதோடு தனியார் நிலையங்கள்), கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலியின் சூரியன் 93.5 போன்ற தமிழ் நிலையங்கள். திருவனந்தபுரத்துத் தனியார் நிலையங்கள் தங்களுக்குள் போட்டிபோடுபவை. ஆனால் ஒரு திருவனந்தபுரம் நிலையமும் ஒரு திருநெல்வேலி நிலையமும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை, நேயர்களும் வேறு, விளம்பரதாரர்களும் பெரும்பாலும் வேறு. ஆகவே இரண்டு திருவனந்தபுரம் நிலையங்களின் விளம்பரம் எவ்வளவு சேர்ந்து விழுகிறதோ, அதே அளவு திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் சேர்ந்து விழுந்தால் காரணம் கடிகாரம். ஒரே ஊர் ஜோடி மட்டும் தெளிவாக அதிகம் சேர்ந்தால் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். இரண்டு ஊர் அலைவரிசையும் சேர்ந்து கேட்கும் நம்மைப் போன்றவர்களால்தான் இந்த ஒப்பீட்டை உட்கார்ந்த இடத்திலேயே செய்ய முடியும்.

செய்யும் முறை இது. மூன்று ரேடியோ, மூன்று பேர். அல்லது பதிவுசெய்யும் வசதியுள்ள எஃப்.எம். ரேடியோ மூன்று. திங்கள் முதல் வெள்ளி, காலை 8 முதல் 9. எல்லாரும் போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடம் தொடங்கும்போதும் அந்த நொடியில் ஓடுவது பாட்டா, பேச்சா, விளம்பரமா என்று ஒரே ஓர் எழுத்து எழுத வேண்டும்: பா, பே, வி. ஐந்து நாளில் ஸ்டேஷனுக்கு 300 குறி. இரண்டு ஸ்டேஷனிலும் தலா 60 'வி' இருந்தால், சம்பந்தமில்லாமல் போட்டாலே 12 நிமிடம் சேர்ந்து விழும். 15 வந்தது என்று குதிக்க வேண்டாம். நாலு நிமிடப் பிரேக் ஒன்று சேர்ந்தால் நாலு குறி ஒன்றாக ஏறிவிடும் என்பதால் எண்ணிக்கை தற்செயலாகவே நிறைய ஆடும். இரண்டு வாரம் எடுத்தால் நம்பகம் கூடும். பிறகு ஒரு ஸ்டேஷனின் தாளை ஐந்து, பத்து, பதினைந்து என்று ஐம்பத்தைந்து நிமிடம் வரை வட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் எத்தனை சேர்கிறது என்று எண்ணுங்கள். நகர்த்தாத நிலையில்தான் மிக அதிகம் என்றால் பிரேக்குகள் உண்மையாகவே ஒத்துப்போகின்றன. அடுத்து, ஒன்றின் திங்கட்கிழமைத் தாளை மற்றதின் செவ்வாய்க்கிழமைத் தாளோடு பொருத்துங்கள். நாள் மாற்றியும் அதே அளவு சேர்ந்தால் அது நிலையான கடிகாரம். அதே நாளில் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தால், யாரோ அன்றன்று மற்றவரைக் கேட்டுப் பிரேக் போடுகிறார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. ஆப்பில் ஓடும் ஆன்லைன் ஒலிபரப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது காற்றில் வருவதைவிடப் பின்தங்கி வரும், சிலவற்றில் விளம்பரமே வேறாக இருக்கும். போனிலுள்ள எஃப்.எம். என்றால் ஹெட்போன் வயர்தான் ஆன்டெனா, வயர் இல்லாமல் எடுக்காது. எஃப்.எம். அலை பார்வைக்கோட்டில் போவது என்பதால் மலை மறைத்தால் நின்றுவிடும். தக்கலை தாண்டி மேற்கே திருநெல்வேலி நிலையம் தேய்வதும், ஆரல்வாய்மொழிப் பக்கம் திருவனந்தபுரம் தேய்வதும் அதனால்தான். இரு பக்கமும் கிடைக்க நாகர்கோவில் பகுதியில் உயரமான மொட்டைமாடியும் வெளி ஆன்டெனாவும் நல்லது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் வந்தால் எஃப்.எம். ரேடியோ பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். வண்டி ஓடும்போது சத்தமில்லாமல் ஆள் மாறிவிடும். கடலோரத்தில், வெப்பமான அமைதியான காலைகளில், கடல்மேல் காற்றடுக்கு அலையை வளைத்துத் தொலைதூர நிலையங்களையும் இழுத்துவரும். ஆகவே ஒவ்வொரு பிரேக் முடிவிலும் ஸ்டேஷன் பெயரைக் காதால் உறுதிசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கடை. நிமிடத்தைக் கேட்டு வாங்க முயல வேண்டாம், மணிக்குள் பிரேக் எங்கே விழும் என்பது பாட்டைப் பொறுத்து அசையும், சின்ன விளம்பரதாரருக்கு அதை யாரும் உறுதி தரமாட்டார்கள். பிரேக்குக்குள் எத்தனையாவது இடம் என்பதைக் கேளுங்கள். பிரேக்கின் முதல் ஸ்பாட் (ஒரு தடவை ஓடும் ஒரு விளம்பரம்), மாற்ற நினைப்பவர் கை போவதற்குள் காதில் விழுந்துவிடும். கடைசி ஸ்பாட், திரும்பி வருபவர்களுக்குக் கிடைக்கும். நடுவில் சிக்கியதுதான் நஷ்டம். முதல் இடத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், ஆறு நிமிடப் பிரேக் என்றால் கொடுக்கலாம், இரண்டு நிமிடப் பிரேக்குக்கு வேண்டாம். அதே பிரேக்கில் வேறு ஜவுளிக்கடை வரக்கூடாது என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் டிராஃபிக் பிரிவு (விளம்பரங்களை அடுக்குகிறவர்கள்) செய்து தருவார்கள், கேட்காவிட்டால் டிசம்பரில் மூன்று ஜவுளிக்கடை அடுத்தடுத்து வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் பிரேக் போனாலும் பாதிக்கப்படாத இடங்கள் உண்டு: நேரம் சொல்லும்போது வரும் ஒரு வரி, நிகழ்ச்சி வழங்குவோர் பெயர், ஆர்.ஜே. பேச்சுக்கு நடுவே சொல்வது. சின்ன பட்ஜெட்டுக்கு இவற்றையே நான் முதலில் சொல்வேன், மாற்ற நினைப்பதற்குள் அவை முடிந்துவிடும்.

ஸ்பாட் 10 நொடிக் கணக்கில் விற்கப்படும். 20 நொடிக்குத் தமிழில் சுமார் 35 சொல், அதற்குமேல் திணித்தால் கடை இருக்கும் இடம் புரியாமல் போகும். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வாடிக்கையாளர்தான் குறி என்றால் திருநெல்வேலி நிலையத்தில் கொட்டும் பணம் தக்கலையோடு நின்றுவிடும், மேலே சொன்ன தாளில் எந்த நிலையம் மார்த்தாண்டம், குலசேகரம், கொல்லங்கோடு வரை தெளிவாகக் கேட்கிறது என்பதையும் குறித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். சொன்ன விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. விளம்பரம் தொடங்கியதும் முதல் வாரத்திலேயே ஒலிபரப்புச் சான்று கேளுங்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி ஓடியது என்று அதில் இருக்கும். நீங்கள் காதால் கேட்டுக் குறித்த இரண்டு நாளை அதோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட ஸ்பாட்டுக்குப் பதில் ஸ்பாட் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் கொடுத்தால் ஜவுளிக்கடைக்குப் பயனில்லை. "பதில் ஸ்பாட் டிசம்பர் 24-க்குள்" என்ற வரியை ஆர்டரில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.